ஒரு நாள் லீவு: என்ன படம் பார்க்கலாம்?

விடியற்காலை நேரம். ஒரகடம் கூட்டு ரோட்டில் கம்பெனி பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. இரவு ஷிப்டு முடிந்தவர்கள் இறங்குகிறார்கள். காலை ஷிப்டுக்காரர்கள் ஏறுகிறார்கள். இறங்குகிறவர்களின் கண்கள் சிவந்திருக்கின்றன. ஏறுகிறவர்களின் தலை இன்னும் ஈரமாக இருக்கிறது.

வாரத்தில் 6 நாள் இதே காட்சிதான்.

ஏழாவது நாள் லீவு. அந்த ஒரு நாளில் எத்தனை வேலை! துணி துவைக்க வேண்டும். சந்தைக்குப் போக வேண்டும். ஊரில் இருக்கும் அம்மாவோடு போனில் பேச வேண்டும். வாரம் முழுவதும் கெட்ட தூக்கத்தைத் தூங்கித் தீர்க்க வேண்டும். இவ்வளவும் போக மிஞ்சுவது 3 மணி நேரம். சரியாக ஒரு சினிமா பார்க்கிற நேரம்.

அந்த 3 மணி நேரத்தையும் ஒரு மட்டமான படம் தின்றுவிட்டால்? போன காசை ஓ.டி. பார்த்துச் சம்பாதித்துக்கொள்ளலாம். போன தூக்கத்தை எந்தக் கம்பெனியும் திருப்பித் தராது.

ஆகவே, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் உழைக்கிற குடும்பங்களுக்காக, 2022 முதல் வந்த படங்களிலும் தொடர்களிலும் சிலவற்றைப் பொறுக்கி எடுத்து இங்கே தந்திருக்கிறோம். சினிமாப் படங்கள் எல்லாம் கொட்டகையில் ஓடி முடிந்து, டி.வி.க்கும் செல்போனுக்கும் வந்துவிட்டவை.

விடுதிப் பெண்களுக்கு ஒரு தொடர்

வல்லம் வடகாலில் வானுயர நிற்கிறது ஒரு விடுதி. பெண் தொழிலாளர்களுக்காக 'சிப்காட்' நிறுவனம் 706 கோடியே 50 லட்சம் ரூபாய் செலவில் கட்டியது. 18,720 பேர் தங்கலாம். 2024 ஆகஸ்டு 17-ந் தேதி முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் அதைத் திறந்து வைத்தார். 18,720 பேர் என்றால் ஒரு சின்ன நகரமே அல்லவா!

அங்கும், சுற்று வட்டாரத்து மற்ற விடுதிகளிலும் இருக்கும் பெண்களில் பலருக்கு வயது இருபதை ஒட்டித்தான் இருக்கும். பிளஸ்-2 முடித்த கையோடு வேலைக்கு வந்தவர்கள். வீட்டில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்குகிற பெண் என்ற பெருமை பலருக்கு உண்டு. திடீரென்று ஒரு நாள் ஊரிலிருந்து போன் வரும். "மாப்பிள்ளை பார்த்தாச்சு. வேலையை விட்டுட்டு வந்துடு" என்பார் அப்பா.

அந்தப் போனை எதிர்பார்த்துப் பயந்துகொண்டிருக்கும் பெண்கள் அவசியம் பார்க்க வேண்டியது 'அயலி'. 2023 ஜனவரியில் 'ஜீ5' தளத்தில் வந்த தொடர் இது. டைரக்டர் முத்துக்குமார்.

கதை நடப்பது புதுக்கோட்டைச் சீமையில் ஒரு கிராமம். காலம் 1990. அந்த ஊரில் ஒரு கட்டுப்பாடு. பெண் பெரியவள் ஆகிவிட்டால் பள்ளிக்கூடம் போகக் கூடாது. உடனே கல்யாணம் செய்து வைத்துவிட வேண்டும். மீறினால் ஊர்த் தெய்வம் அயலி கோபித்துக்கொள்வாள் என்று நம்புகிறார்கள். அந்த ஊரில் பத்தாவது படித்த பெண் ஒருத்திகூட இல்லை.

தமிழ்ச்செல்வி என்ற சிறுமிக்கு டாக்டர் ஆக வேண்டும் என்று ஆசை. அவளும் ஒரு நாள் பருவம் எய்துகிறாள். என்ன செய்வாள்? விஷயத்தை மறைத்துவிடுகிறாள்!

இந்த ஒரு முடிச்சை வைத்துக்கொண்டு 8 பகுதிகளையும் விறுவிறுப்பாகக் கொண்டுபோயிருக்கிறார்கள். சிரிப்புக்கும் குறைவில்லை. தமிழ்ச்செல்வியாக வரும் அபி நட்சத்திரா துடிப்பாக நடித்திருக்கிறார். ஆனால் மனத்தில் நிற்பவர் அவர் அல்ல. அம்மா குருவம்மாளாக வரும் அனுமோள்தான். மகளின் ரகசியம் அம்மாவுக்குத் தெரிந்துபோகிறது. ஊருக்குச் சொல்வதா, மகளோடு சேர்ந்து மறைப்பதா? அடுப்படியில் நின்றுகொண்டு அந்த அம்மா படும் பாடு, வீட்டுக்கு வீடு நடக்கிற சங்கதி.

சில இடங்களில் பிரசார நெடி அடிக்கத்தான் செய்கிறது. போகப் போகப் பேச்சும் அதிகம். இருந்தாலும் குற்றமில்லை. ஒவ்வொரு பகுதியும் அரை மணி அளவுதான். ஷிப்டு முடிந்து வந்து, சாப்பிடுகிற நேரத்தில் ஒரு பகுதி பார்த்துவிடலாம். ஊருக்குப் போகும்போது அம்மாவுக்கும் போட்டுக் காட்டலாம். அப்பாவுக்குக் காட்டுவது அவரவர் சாமர்த்தியம்!

ஒரு ரூபாய் கூலி உயர்வு

அடுத்தது 'வாழை'. 2024 ஆகஸ்டில் வந்தது. டைரக்டர் மாரி செல்வராஜ் தன் சிறு வயதுச் சம்பவங்களை வைத்து எடுத்த படம்.

தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமம். சிவனைந்தான் படிப்பில் கெட்டிக்காரப் பையன். ஆனால் சனி, ஞாயிறு வந்தால் அவனுக்குக் காய்ச்சல் வந்துவிடும் போல் இருக்கும். ஏன்? அன்றைக்கு வாழைத் தார் சுமக்கப் போக வேண்டும். வீட்டில் கடன். அம்மா விடமாட்டாள். பள்ளிக்கூடத்தில் பூங்கொடி டீச்சர். வயலில் கழுத்தை ஒடிக்கும் தார். இரண்டுக்கும் நடுவே அந்தப் பையன் அல்லாடுகிறான். அவனும் அவன் சிநேகிதன் சேகரும் ரஜினியா, கமலா என்று சண்டை போடுகிற கட்டங்களில் வயிறு குலுங்கச் சிரிக்கலாம். இரண்டு சிறுவர்களும் நடிக்கவில்லை; வாழ்ந்திருக்கிறார்கள்.

படத்தில் ஒரு கட்டம். தார் ஒன்றுக்கு ஒரு ரூபாய் கூலி கூட்டித் தர வேண்டும் என்று ஊர்க்காரர்கள் கேட்கிறார்கள். முரண்டு பிடிக்கும் வியாபாரி கடைசியில் சம்மதிக்கிறார். எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் கையிலிருந்து போன அந்த ஒரு ரூபாயை வேறு எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று அவர் கணக்குப் போடுகிறார்.

அந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதைப் படத்தில் காண்க. தினமும் ஆள் நிறைந்த வண்டியில் வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு அந்தக் கடைசிப் பகுதி நெஞ்சை அடைத்துவிடும். இரவு ஷிப்டுக்குப் புறப்படும் முன் இதைப் பார்க்க வேண்டாம். பார்த்துவிட்டு உடனே பஸ் ஏற மனம் வராது.

தீப்பற்றிய ஆலை

ஒரு விசித்திரம். இந்த வட்டாரத்தில் கார் செய்கிறார்கள். லாரி, மோட்டார் சைக்கிள், டயர், டி.வி., செல்போன் எல்லாம் செய்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் 'ஹூண்டாய்' கார் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது 1998-ல். அன்று முதல் இன்று வரை எத்தனை ஆயிரம் பேர் இந்தச் சாலையில் வந்து போயிருக்கிறார்கள்! ஆனால் ஆலைத் தொழிலாளியின் கதையைச் சொல்லும் தமிழ்ப் படத்தை விளக்கு வைத்துத் தேட வேண்டியிருக்கிறது.

அந்தக் காலத்தில் அப்படி இல்லை. 1960-ல் ஜெமினி எஸ்.எஸ்.வாசன் 'இரும்புத்திரை' எடுத்தார். மில்லும் அதில் வேலை செய்கிறவர்களும்தான் கதை. சிவாஜி கணேசன் கதாநாயகன். 1964-ல் எம்.ஜி.ஆர். நடித்த படத்துக்குப் பெயரே 'தொழிலாளி'. இப்போது சினிமாவில் தொழிற்சாலை வந்தால், அது பெரும்பாலும் கதாநாயகனும் வில்லனும் அடித்துக்கொள்வதற்கு வாடகைக்குப் பிடித்த கொட்டகையாகத்தான் இருக்கிறது.

இதற்கு ஒரு விதிவிலக்கு 'சுழல்'. 2022 ஜூனில் 'அமேசான் பிரைம்' தளத்தில் வந்த தொடர். புஷ்கர்-காயத்ரி தம்பதி எழுதியது. பிரம்மாவும் அனுசரணும் டைரக்ட் செய்தார்கள்.

சாம்பலூர் என்ற கற்பனை ஊர். அங்கே ஒரு சிமெண்டு ஆலை. சங்கத் தலைவர் சண்முகம் தலைமையில் வேலைநிறுத்தம் நடக்கிறது. அன்று இரவு ஆலை தீப்பற்றி எரிகிறது. அதே இரவில் சண்முகத்தின் இளைய மகள் காணாமல் போகிறாள். தீ வைத்தது யார்? பெண் எங்கே? போலீஸ் அதிகாரி ரெஜினாவாக ஸ்ரேயா ரெட்டியும், சப்-இன்ஸ்பெக்டர் சக்கரையாகக் கதிரும் துப்பறிகிறார்கள். சண்முகமாக பார்த்திபன். வழக்கமான வாய்ச் சாதுரியத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, பிள்ளையைத் தொலைத்த தகப்பனாக அடங்கி நடித்திருக்கிறார். மூத்த மகளாக வரும் ஐஸ்வர்யா ராஜேஷும் அப்படியே.

கதை முழுவதும் மயானக் கொள்ளைத் திருவிழாப் பின்னணியில் நடக்கிறது. காஞ்சிபுரம், வேலூர், விழுப்புரம் பக்கத்து மக்களுக்கு அங்காளம்மனின் அந்தத் திருவிழாவைச் சொல்லித் தர வேண்டியதில்லை. சிறு வயதில் பார்த்துப் பயந்த வேஷங்கள் எல்லாம் திரையில் வரும்.

நிஜ வேலைநிறுத்தம் தொடரில் வருவதைப் போல் இருக்காது என்பதும் இங்குள்ளவர்களுக்குத் தெரியும். 2024 செப்டம்பர் 9-ந் தேதி சுங்குவார்சத்திரம் 'சாம்சங்' ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கை. 37 நாள் நீடித்தது. வெயிலில் உட்கார்ந்திருந்தவர்களின் வீட்டில் அந்த 37 நாளும் மளிகைக் கடைக் கணக்கு எப்படி ஏறியிருக்கும்! அந்தக் கதையை யாரும் இன்னும் தொடராக எடுக்கவில்லை. 'சுழல்' தொடரிலும் முதல் இரண்டு பகுதிக்குப் பிறகு ஆலை பின்னுக்குப் போய்விடுகிறது; மர்மம் முன்னுக்கு வந்துவிடுகிறது. அது ஒரு குறைதான்.

சிறுவர்களைத் தூங்க வைத்த பிறகே இதைப் போட வேண்டும். பிள்ளைகள் மனத்தைக் கலக்கும் விஷயங்கள் கதைக்குள் இருக்கின்றன. பெற்றோர் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுத் தங்கள் பிள்ளைகளோடு பேசவும் வேண்டும். 2025 பிப்ரவரியில் இரண்டாம் பாகமும் வந்தது. முதல் பாகம்தான் மேல்.

"எந்த ஊர்?"

ஸ்ரீபெரும்புதூரில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், வாடகையைச் சொல்வதற்கு முன் வரும் கேள்வி "எந்த ஊர்?" என்பதுதான். திருவண்ணாமலை என்றால் ஒரு முகம். ஒடிசா, பீகார், அசாம் என்றால் வேறு முகம்.

'டூரிஸ்ட் ஃபேமிலி' படத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் ஒரு குடும்பமே தவிக்கிறது. இலங்கையில் பொருளாதாரம் நொறுங்கி, பிழைக்க வழியில்லாமல் படகேறி ராமேசுவரம் வந்து இறங்குகிறார்கள். தகப்பன் தர்மதாஸ், தாய் வசந்தி, இரண்டு பிள்ளைகள். சென்னையில் ஒரு குடியிருப்பில் வீடு பிடிக்கிறார்கள். வாயைத் திறந்தால் ஈழத் தமிழ் காட்டிக் கொடுத்துவிடும். அக்கம்பக்கத்தோடு பேசக் கூடாது என்று உத்தரவு. ஆனால் அந்தக் குடும்பத்துக்குப் பேசாமல் இருக்கத் தெரியாது! பழகாமல் இருக்கவும் தெரியாது!

சசிகுமாரும் சிம்ரனும் இயல்பாக நடித்திருக்கிறார்கள். சின்னப் பையனாக வரும் கமலேஷ் வந்த காட்சியில் எல்லாம் கைதட்டல் வாங்கிவிடுகிறான். டைரக்டர் அபிஷன் ஜீவிந்துக்கு இதுதான் முதல் படம். 2025 மே 1-ந் தேதி வெளியானது. உழைப்பாளர் தினத்தில் வந்த படம், வேலை தேடி வந்தவர்களைப் பற்றியே அமைந்துவிட்டது.

போலீஸ் வரும் கட்டங்களில் மட்டும் எல்லோரும் ஒரேயடியாக நல்லவர்கள் ஆகிவிடுகிறார்கள். நிஜத்தில் அவ்வளவு சுலபமா என்று தோன்றும். போகட்டும், தாத்தா பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை ஒன்றாக உட்கார்ந்து பார்க்கக் கூடிய படம் ஆண்டுக்கு எத்தனை வருகிறது?

ஒரே நாளில் மூன்று

2025 ஜூலை 4-ந் தேதி ஒரு ருசிகரமான நாள். அன்று இந்த வட்டாரத்துக்குப் பொருத்தமான மூன்று கதைகள் ஒன்றாக வந்தன.

ஒன்று '3 பி.எச்.கே.' சொந்த வீடு வாங்க ஒரு நடுத்தரக் குடும்பம் ஆண்டுக் கணக்கில் படும் பாடு. சரத்குமார் தகப்பன், தேவயானி தாய், சித்தார்த் மகன். பணம் சேரும்போதெல்லாம் ஒரு செலவு வந்து நிற்கிறது. பணம் சேர்ந்த பிறகு பார்த்தால் வீட்டின் விலை ஏறிவிட்டிருக்கிறது. ஒரகடம் சாலையோரத்து மனை விற்பனைப் பலகைகளைப் படித்துக்கொண்டே வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும். கண்ணீர் கொஞ்சம் அதிகம், கைக்குட்டை தேவை.

இரண்டாவது, டைரக்டர் ராமின் 'பறந்து போ'. கணவனுக்கும் மனைவிக்கும் வேலை. பையனை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறார்கள். ஒரு நாள் அப்பாவும் பிள்ளையும் மோட்டார் சைக்கிளில் ஏறிப் புறப்பட்டுவிடுகிறார்கள். அப்புறம் ஒரே கூத்து! கணவன் இரவு ஷிப்டு, மனைவி பகல் ஷிப்டு என்று வாசற்படியில் சாவியை மாற்றிக்கொள்ளும் தம்பதிகள், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

மூன்றாவது, ஸ்ரீபெரும்புதூரையே உலகத்துக்கு அறிமுகப்படுத்திய துயரக் கதை. 1991 மே 21-ந் தேதி இரவு, தேர்தல் கூட்டத்துக்கு வந்த முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி இங்கே வெடிகுண்டுக்குப் பலியானார். கொலையாளிகளைத் துப்புத் துலக்கிய வரலாற்றை 'தி ஹண்ட்' என்ற பெயரில் 'சோனி லிவ்' தளத்தில் 7 பகுதிகளாகத் தந்திருக்கிறார் டைரக்டர் நாகேஷ் குக்குனூர். குண்டு வெடிப்பில் இறந்துபோன புகைப்படக்காரரின் கேமரா மட்டும் சேதமில்லாமல் கிடைத்தது. அதில் இருந்த படங்கள்தான் புலனாய்வுக்கு முதல் வழி காட்டின. அந்தப் பகுதி அபாரம். புலனாய்வுக் குழுத் தலைவர் டி.ஆர்.கார்த்திகேயனாக அமித் சியால் அலட்டாமல் நடித்திருக்கிறார்.

இதே சம்பவத்தைத் தமிழில் 'குற்றப்பத்திரிகை' என்று ஆர்.கே.செல்வமணி எடுத்தார். தணிக்கைத் தகராறில் பல ஆண்டு பெட்டிக்குள் கிடந்து, 2007-ல்தான் அது வெளியே வந்தது. இன்று இங்கே வேலைக்கு வரும் 20 வயதுப் பிள்ளைகள் 1991-ல் பிறக்கவே இல்லை. நெடுஞ்சாலையோரத்து நினைவிடத்தைத் தினமும் பஸ் ஜன்னல் வழியாகப் பார்க்கிறார்கள். அது ஏன் அங்கே இருக்கிறது என்பதை இந்தத் தொடர் சொல்லும்.

கடன்காரனும் அத்தானும்

வேலை போன விஷயத்தை வீட்டில் சொல்லாமல் மறைத்துக் கடன் மேல் கடன் வாங்கும் இளைஞனின் கதை 'குடும்பஸ்தன்'. 2025 ஜனவரியில் வந்தது. மணிகண்டன் பிரமாதம். காண்ட்ராக்ட் முடிந்து அடுத்த வேலை தேடுகிறவர்கள் சிரித்துக்கொண்டே பார்ப்பார்கள். நடு நடுவே சிரிப்பு நின்றுவிடும்.

'மெய்யழகன்' வேறு ரகம். 22 ஆண்டுக்கு முன் தஞ்சாவூரை விட்டுப் போனவர், ஒரு கல்யாணத்துக்காகத் திரும்பி வருகிறார். "அத்தான், அத்தான்" என்று ஒருவன் ஒட்டிக்கொள்கிறான். அவன் யார் என்று இவருக்கு ஞாபகமே வரவில்லை! கேட்கவும் வெட்கம். அரவிந்த்சாமியும் கார்த்தியும் இரவு முழுவதும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். சொந்த ஊரை விட்டு வந்தவர்களை அந்தப் பேச்சு உருக்கிவிடும். படம் ரொம்ப நீளம். வெளியான சில நாளில் 18 நிமிடத்தை வெட்டினார்கள். அப்படியும் நீளந்தான். இரவு ஷிப்டு முடித்த கையோடு இதைப் போட்டால் தூங்கிவிடுவீர்கள். அது படத்தின் குற்றம் அல்ல.

கடைசியாக ஒரு மேட்ச்

நண்பர்கள் அறையில் கூடி ஆரவாரத்தோடு பார்க்க 'லப்பர் பந்து'. 2024 செப்டம்பரில் வந்த தமிழரசன் பச்சமுத்துவின் படம். கெத்து என்ற நடுவயது மட்டையாளருக்கும் அன்பு என்ற இளம் பந்து வீச்சாளருக்கும் மைதானத்தில் தீராத பகை. அன்பு காதலிக்கும் பெண்ணோ கெத்தின் மகள்! 'அட்டகத்தி' தினேஷும் ஹரீஷ் கல்யாணும் போட்டி போட்டு நடித்திருக்கிறார்கள். கெத்தின் மனைவியாக வரும் சுவாசிகா இருவரையும் முந்திவிடுகிறார். திறமை இருந்தும் சாதி காரணமாக அன்புவை அணியில் சேர்க்க மறுக்கிறார்கள். அதைப் பெரிய பிரசங்கம் செய்யாமல் விளையாட்டோடு விளையாட்டாகச் சொல்லியிருப்பதுதான் கெட்டிக்காரத்தனம். 1989-ல் வந்த 'பொன்மனச் செல்வன்' படத்து விஜயகாந்த் பாட்டு ஒன்று இதில் ஒலிக்கும்போது, அறையில் யாரும் உட்கார்ந்திருக்கமாட்டார்கள்.

பகல் ஷிப்டு முடிந்து, குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் போட்டால் தூங்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். அதற்குள் யாருக்காவது இரவு ஷிப்டு பஸ் வந்துவிட்டால் பாதியில் எழுந்து போக வேண்டியதுதான். மிச்சத்தை அடுத்த லீவில் பார்த்துக்கொள்ளலாம். கடைசி மேட்சில் ஜெயித்தது யார் என்பதை மட்டும், அறையில் இருப்பவர்கள் அவரிடம் சொல்லிவிடக் கூடாது.